கீவினா செம்புப் பகுதியில் கனிம மாதிரி சேகரிப்பது: எதை எடுப்பது, எப்படிப் பேணுவது?

வடகரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தமாக டெட்ராய்ட்டில் வசிக்கிறேன். வரும் கோடையில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டிருக்கும் கீவினா தீபகற்பத்துக்குக் குடும்பத்துடன் செல்ல இருக்கிறோம். 1840களில் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேல் செம்பு வெட்டிய சுரங்கங்கள் அங்கே வரிசையாக இருப்பதையும், அவற்றின் அருகே கொட்டப்பட்ட கற்குவியல்களில் இன்றும் இயற்கைச் செம்பு கிடைப்பதையும் படித்து அறிந்திருக்கிறேன். கற்களில் எனக்கு நீண்ட நாள் ஈடுபாடு உண்டு என்றாலும், ஒரு சுரங்கப் பகுதியில் முறையாகச் சேகரித்த அனுபவம் இல்லை. எந்தக் கனிமங்களைத் தேட வேண்டும், எங்கே எடுக்க அனுமதி உண்டு, எடுத்ததை அமிலத்தில் கழுவலாமா ஆகிய மூன்றையும் விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பாறைமுகம் எழுதியது:

வடகரை அவர்களுக்கு வணக்கம். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதற்கும் சற்று நிலவியல் தேவைப்படுகிறது, ஏனென்றால் பாறையை அறியாமல் குவியலில் ஏறினால் செம்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் நடுவில் பிளக்கத் தொடங்கி, பின்னர் அந்தப் பிளவு பாதியில் நின்றுபோனது. அப்போது அடுக்கடுக்காக வழிந்து பசால்ட் என்னும் கரும்பாறையாக உறைந்த எரிமலைக் குழம்புகளும், அவற்றுக்கிடையே ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த கூழாங்கல் படிவுகளும்தான் இன்றைய கீவினாவின் முதுகெலும்பு. ஒவ்வொரு குழம்பு அடுக்கின் மேற்பகுதியிலும் வாயு வெளியேறிய குமிழ்கள் வெற்றிடங்களாக உறைந்தன. சில கோடி ஆண்டுகளுக்குப் பின், ஆழத்தில் புதைந்த பாறைகளிலிருந்து செம்பைக் கரைத்துக்கொண்டு மேலேறிய வெந்நீர்க் கரைசல், அந்தக் குமிழ்க்குழிகளிலும் கூழாங்கற்களின் இடைவெளிகளிலும் செம்பைப் படிய வைத்தது. உலகின் பெரும்பாலான செம்புச் சுரங்கங்களில் செம்பு கந்தகத்துடன் சேர்ந்த தாதுவாகவே கிடைக்க, இங்கே கரைசலில் கந்தகம் மிகக் குறைவாக இருந்ததால் அது உலோகமாகவே தங்கிவிட்டது. இந்த அளவுக்கு உலோகச் செம்பு படிந்த இடம் உலகில் வேறில்லை. 1845 முதல் 1968 வரை ஏறத்தாழ 50 லட்சம் டன் செம்பு இங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே உங்கள் கைக்கு வரக்கூடியவை இரு பெரும் வகைப் பாறைகள். ஒன்று குமிழ்க்குழி பசால்ட். அதன் பழுப்புச் சிவப்பு முகத்தில் வெள்ளைக் கால்சைட்டும், இளம்பச்சை பிரெனைட்டும், பிஸ்தாப் பச்சை எபிடோட்டும், இளஞ்சிவப்புப் பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரும் புள்ளிபுள்ளியாக நிறைந்திருக்கும். அவற்றுக்கிடையே செம்பு இழையாகவோ மணியாகவோ இருக்கும். மற்றொன்று கூழாங்கல் திரள்பாறை. கால்யுமெட் அண்ட் ஹெக்லா என்னும் சுரங்க நிறுவனத்தைப் பெருஞ்செல்வமாக்கியது இந்த வகைதான். நல்ல துண்டொன்றை அறுத்துப் பார்த்தால் செங்கல் நிறக் கூழாங்கற்களைச் சுற்றிலும் சிமெண்ட் இருக்க வேண்டிய இடத்தில் செம்பு நிரம்பியிருப்பது தெரியும். சில துண்டுகளில் கூழாங்கல்லே சிதைந்து, அதன் இடத்தைச் செம்பு பிடித்திருக்கும்.

ஆனால் நான் உங்களைத் தேடச் சொல்வது டேட்டோலைட்டை. இது போரான் கலந்த கால்சியம் சிலிகேட். மற்ற ஊர்களில் கண்ணாடித் தெளிவான படிகமாக வளரும் இக்கனிமம், கீவினாவில் முண்டும் முடிச்சுமான உருண்டையாகக் கிடைக்கிறது. வெளித்தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கி இருப்பதால் தெரியாதவர்கள் உதைத்துவிட்டு நடப்பார்கள். அறுத்து மெருகேற்றினால் உட்புறம் பீங்கானின் உடைந்த முகத்தைப் போல் வழுவழுப்பாக, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, சில வேளை பச்சை நிறத்தில் இருக்கும். இளஞ்சிவப்பு நிறம் பெரும்பாலும் உள்ளே தூவப்பட்ட நுண்செம்புத் துகள்களால் வருவது. ஓர் உருண்டை அதன் அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் கீழே போட்டுவிடாதீர்கள்.

---

ஏரிக்கரையான் எழுதியது:

நான் கீவினாவிலுள்ள ஹோட்டன் நகரில் இருக்கிறேன்; இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன்.

பெரும்பாலான கற்குவியல்கள் தனியார் நிலத்தில் உள்ளன. வேலி இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று பொருளல்ல. நில உரிமையாளரைக் கண்டு கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். பலர் மகிழ்ச்சியுடன் இசைவு தருகிறார்கள், சிலர் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். மாநில அரசின் நிலத்தில் பொழுதுபோக்காகச் சேகரிப்பவர் ஆண்டுக்கு 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம் வரை எடுக்க மிச்சிகன் சட்டம் இடமளிக்கிறது. தேசியப் பூங்கா நிலத்தில் ஒரு கூழாங்கல்லைக் கூட எடுக்கக் கூடாது. ஐல் ராயல் தீவு இதில் அடங்கும். மிச்சிகனின் மாநில ரத்தினமாக 1972இல் அறிவிக்கப்பட்ட குளோராஸ்ட்ரோலைட் என்னும் ஆமையோட்டுக் கோலப் பச்சைக்கல் அந்தத் தீவின் பெயரோடுதான் பேசப்படுகிறது. ஆனால் அங்கே கண்டால் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அதே கல் கீவினாவின் சில பழைய குவியல்களிலும் கிடைப்பதால் யாரும் ஏமாற்றமடையத் தேவையில்லை.

சட்டத்தைத் தாண்டி இன்னொரு செய்தியும் உண்டு. வெள்ளையர் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இங்குள்ள பழங்குடி மக்கள் செம்பு தோண்டினார்கள். நெருப்பாலும் உருண்டைக் கல் சுத்தியல்களாலும் பாறையை உடைத்து அவர்கள் வெட்டிய ஆழமற்ற குழிகள் காட்டுக்குள் இன்னும் இருக்கின்றன. முதற்காலச் சுரங்கக்காரர்கள் பலர் அந்தக் குழிகளைப் பின்பற்றியே தாது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்படியான குழிக்கருகில் சுற்றிலும் பள்ளம் வெட்டிய உருண்டைக் கல்லொன்றைக் கண்டால் அது கனிம மாதிரியன்று, தொல்பொருள். தொடாமல் விட்டுவிடுங்கள். இந்த நிலம் 1842ஆம் ஆண்டின் லா பாயிண்ட் உடன்படிக்கையின் வழியாக ஓஜிப்வே மக்களிடமிருந்து பெறப்பட்டது. அதற்கடுத்த ஆண்டே ஒன்டொனாகன் ஆற்றிலிருந்து ஏறத்தாழ 1,680 கிலோ எடையுள்ள செம்புப் பாறை பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டது. அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. தங்கள் முன்னோர் வழிபட்ட பாறையைத் திருப்பித் தருமாறு இப்பகுதிப் பழங்குடியினர் கேட்டும் அது வரவில்லை. சேகரிப்பில் இறங்குபவர் எவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

குழந்தைகளுடன் வருவதாகத் தோன்றுகிறது. மூடப்படாத சுரங்க வாய்களின் அருகே அவர்களை விடாதீர்கள். குயின்சி சுரங்கத்தின் இரண்டாம் எண் குழி சாய்வாக 9,000 அடிக்கு மேல் இறங்குகிறது என்று சொன்னால் இவ்வூர் நிலத்தடியின் தன்மை புரியும். கம்பி வலை பொருத்திய வாய்கள் வௌவால்கள் வந்துபோவதற்காக விடப்பட்டவை. அவற்றின் உள்ளே நுழையக் கூடாது.

---

கல்தச்சன் எழுதியது:

அமிலம் பற்றி நான் சொல்கிறேன். கழுவலாம், கழுவத்தான் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. கீவினாச் செம்பின் பெரும்பகுதி கால்சைட்டுக்குள் புதைந்திருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதை இட்டால் கால்சைட் நுரைத்துக் கரைந்து, உள்ளே மறைந்திருந்த செம்பு கிளை கிளையாக வெளிப்படும். அந்தக் கிளைகளின் நுனியில் பன்னிரு முகப் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதை உருப்பெருக்கியில் பார்த்தவர் கால்சைட்டுக்காக வருந்த மாட்டார். அருங்காட்சியகங்களில் நாம் வியந்து பார்க்கும் செம்புப் படிகங்களில் பல இப்படி வெளிக்கொண்டு வரப்பட்டவையே. இயற்கை அதை வளர்த்தது. நாம் திரையை விலக்குகிறோம்.

---

பாறைமுகம் எழுதியது:

கல்தச்சன் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். செம்பு நிறைந்து, கால்சைட் வெறும் வெள்ளைக் கட்டியாக இருக்கும் துண்டுக்கு அவர் சொல்வது பொருந்தும். ஆனால் ‘கழுவத்தான் வேண்டும்’ என்று முதன்முறை செல்பவரிடம் சொன்னால் அவர் கிடைத்ததையெல்லாம் வாளியில் போடுவார். அதனால் நேரும் இழப்பு சிறிதன்று.

முதலாவதாக, கீவினாவின் மிக அருமையான மாதிரிகளில் ஒன்று தெளிந்த கால்சைட் படிகத்துக்குள் செம்புத் தகடுகள் மிதப்பது. படிகம் வளர்ந்துகொண்டிருந்த வேளையில் அதன் முகத்தில் செம்பு படிந்து, அதன்மேல் மீண்டும் கால்சைட் வளர்ந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால், மறைந்துபோன பழைய முகத்தின் வடிவத்தை அந்தச் செம்புப் படலமே கோடிட்டுக் காட்டும். எது முதலில் வந்தது, எது பின்னர் வந்தது என்ற வரலாறு முழுவதும் அதில் எழுதியிருக்கிறது. இதை அமிலத்தில் இட்டால் மிஞ்சுவது சில செம்புச் செதில்கள்.

இரண்டாவதாக, ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சைட்டோடு நிற்பதில்லை. டேட்டோலைட்டைக் கூழாக்கிவிடும். குமிழ்க்குழிகளில் வளரும் அனல்சைம், தாம்சோனைட் போன்ற சியோலைட் இனக் கனிமங்களையும் அவ்வாறே செய்யும். பிரெனைட்டின் பளபளப்பைக் கெடுக்கும். செம்பின்மீது நூற்றாண்டுகளாகப் படிந்த சிவப்புக் குப்ரைட்டையும் பச்சை மாலகைட்டையும் அகற்றி, கடையில் வாங்கிய கம்பியைப் போன்ற வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தைத் தரும். இந்த நிறம் சில வாரங்களில் மங்கிப் பழுப்பாகிவிடும். உடனே மீண்டும் கழுவத் தோன்றும். இப்படியே துண்டு தேய்ந்துபோகும்.

மூன்றாவது, எல்லோரும் விட்டுவிடும் செய்தி. அமிலத்திலிருக்கும் குளோரைடு செம்பின் நுண்துளைகளில் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரம் பட்டதும் அது உள்ளிருந்து அரித்து, மாதங்கள் கழித்து வெளிர்ப் பச்சைத் தூளாக வெளிவரும். நம் செப்புத் திருமேனிகளில் அருங்காட்சியகக் காப்பாளர்கள் அஞ்சும் அதே நோய்தான் இது. கழுவியே தீர வேண்டுமென்றால், சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, பின்பு வாலை வடிநீரில் பலமுறை மாற்றி மாற்றி அலச வேண்டும். அதன் பிறகு நன்றாக உலர்த்த வேண்டும்.

---

கல்தச்சன் எழுதியது:

குளோரைடு பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. நானும் அலசுவதை ஒரு நாளில் முடிப்பதில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தெளிந்த கால்சைட்டை நான் அமிலத்தில் போடச் சொல்லவில்லை. குவியலில் கிடக்கும் பத்தில் ஒன்பது கால்சைட் மங்கலான பிளவுத் துண்டுதான். அவற்றின் உள்ளிருக்கும் செம்பை எவரும் பார்க்காமலே போவதைவிட வெளிக்கொண்டு வருவது மேல். முதலில் ஒரு மூலையை மட்டும் நனைத்துப் பார்த்து, செம்பு உள்ளே தொடர்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு மேலே செல்லலாம். இரும்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் போதும். செம்புக்கு அது தேவையில்லை.

மோஹாக் சுரங்கக் குவியலுக்குச் செல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே வெண்கல நிறத்தில், உடைத்த உடன் வெள்ளி போல் மின்னி விரைவில் கறுக்கும் கனமான கல் கிடைக்கும். அது செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த தாது. மெருகேற்றினால் அழகாக இருப்பதால் நகைக்கல்லாகவும் விற்கிறார்கள். அதை வீட்டில் அறுக்கவோ, தீட்டவோ, சூடாக்கவோ வேண்டாம். தூளும் புகையும் நஞ்சு.

---

நுண்ணோக்கி எழுதியது:

இந்த இழையைப் படித்துவரும் நான் சேகரிப்பது தக்காண பசால்ட்டின் சியோலைட்டுகளை. நாசிக், ஜல்கான் பக்கத்துக் கல்குவாரிகளில் குமிழ்க்குழிகளைத் திறந்து பழகிய கண்ணுக்கு கீவினாப் பாறை அந்நியமாகத் தெரியாது, வயதுதான் 6.6 கோடியிலிருந்து 110 கோடிக்குத் தாவுகிறது. நான் கேட்க விரும்புவது வேறு. இணைய விற்பனைத் தளங்களில் செம்பும் வெள்ளியும் ஒட்டிய கட்டிகள் கீவினாவின் பெயரில் நிறைய வருகின்றன. அவற்றில் எது மெய், எது செய்தது என்று பிரித்தறிய வழி உண்டா?

---

பாறைமுகம் எழுதியது:

உண்டு, அதுவும் நிலவியலிலிருந்தே வருகிறது. கீவினாவில் செம்பும் வெள்ளியும் 300 பாகை செல்சியசுக்கும் குறைவான வெந்நீரிலிருந்து தனித்தனியே படிந்தவை. அந்த வெப்பநிலையில் அவை உருகிக் கலப்பதில்லை. ஆகவே மெய்யான கட்டியில் சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோடு கூர்மையாக இருக்கும். கோட்டின் இருபுறமும் உலோகம் தூய்மையாக இருக்கும். உருக்கி ஒட்டியதில் அந்த எல்லை கரைந்து, மஞ்சள் கலந்த இடைநிறமாகத் தெரியும். பத்து மடங்கு உருப்பெருக்கியே இதற்குப் போதும்.

தனிச் செம்பிலும் ஏமாற்று உண்டு. உருக்காலையில் தெறித்து உறைந்த செம்பையும், உருக்கித் தண்ணீரில் ஊற்றிய செம்பையும் ‘இயற்கைச் செம்பு’ என்று விற்கிறார்கள். அவற்றின் மேற்பரப்பு உருண்டு திரண்டு, சொட்டு சொட்டாக, குமிழ்த் துளைகளுடன் இருக்கும். இயற்கையானதில் பாறைமணிகள் பதிந்த பள்ளங்களோ, படிக முகங்களோ, ஒட்டியிருக்கும் எபிடோட்டோ கால்சைட்டோ எங்கேனும் ஓரிடத்தில் இருக்கும். அதனாலும்தான் எல்லாவற்றையும் அமிலத்தில் கரைத்துவிடாதீர்கள் என்கிறேன். ஒட்டியிருக்கும் பாறைதான் சாட்சி.

பழைய காலத்து உளிச்சீவல்கள் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். 1856ஆம் ஆண்டில் ஒன்டொனாகன் பகுதிச் சுரங்கமொன்றில் 500 டன்னை ஒட்டிய ஒற்றைச் செம்புக் கட்டி கண்டெடுக்கப்பட்டது. செம்பு வெடிக்கு உடையாது, வளையும். எனவே ஒருவர் உளியைப் பிடிக்க மற்றவர்கள் சம்மட்டியால் அடித்து, ஒடுங்கிய வாய்க்காலாகச் சீவிச் சீவியே அதைத் துண்டாக்கினார்கள். முடிக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. அப்படி உதிர்ந்த சீவல்கள் விரல் அகலத்தில் நீண்டிருக்கும். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும், மறுபக்கம் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வரி என நெருக்கமான மடிப்புகளுடனும் இருக்கும். கனிமத்தையும் உழைத்தவர் கையையும் சேர்த்துக் காட்டும் வேறொரு மாதிரி எனக்குத் தெரியவில்லை.

---

வடகரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்னுமொரு ஐயம். பழைய குவியல்களைச் சாலை போடுவதற்காக நொறுக்கி எடுத்துச் செல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் நாம் எடுப்பதெல்லாம் மீட்பு என்றே கொள்ளலாமா? நிறைய எடுப்பது நல்லதா?

---

ஏரிக்கரையான் எழுதியது:

நொறுக்குவது உண்மை. இங்குள்ள பல சாலைகளின் அடியில் இருப்பது சுரங்கக் கல்தான். நொறுக்கும் வேலை நடக்கும் இடத்தில் உட்புறக் கல் புதிதாக வெளிப்படுவதால் சேகரிப்பாளர்கள் உரிமையாளரின் இசைவுடன் மெட்டல் டிடெக்டரோடு செல்வதும் உண்டு; பழைய தண்டவாள ஆணிக்கும் அது ஒலிக்கும் என்பதால் பொறுமை வேண்டும். நொறுக்கியில் போகவிருந்த டேட்டோலைட்டை எடுத்து வைத்தவருக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆனால் எடுத்தால் மட்டும் மீட்பாகிவிடாது. எந்தக் குவியல் என்று எழுதாமல் பெட்டியில் கொட்டி வைத்த கல்லும் சாலைக்கடியில் போன கல்லும் ஆய்வுக்கு ஒன்றுதான். இந்தச் சுரங்கங்கள் இனித் திறக்கப்போவதில்லை. கால்யுமெட் அண்ட் ஹெக்லாவின் சுரங்கங்கள் 1968இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தோடு மூடப்பட்டு, நிலத்தடிப் பகுதி நீரில் மூழ்கிவிட்டது. குவியலும் போய்விட்டால், ஒரு குறிப்பிட்ட தாதுப் படுகையில் எந்தக் கனிமம் எதனோடு சேர்ந்து வளர்ந்தது என்பதற்குச் சேகரிப்பாளரின் அலமாரியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அதற்கு ஒரு துண்டுச் சீட்டு வேண்டும்.

வருவதற்கு முன்போ வந்த முதல் நாளோ மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஏ. ஈ. சீமன் கனிம அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். 1902இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் கீவினாவின் செம்பும் வெள்ளியும் டேட்டோலைட்டும் சுரங்கத்தின் பெயரோடு வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. சுப்பீரியர் ஏரியின் அடியிலிருந்து எடுத்த சுமார் 17 டன் எடையுள்ள செம்புத் தகட்டையும் அங்கே காணலாம். கண் பழகிய பிறகு குவியலில் ஏறினால் பையில் போட வேண்டியது குறைந்துவிடும்.

---

கல்தச்சன் எழுதியது:

சீட்டு குறித்து நானும் ஏரிக்கரையான் அவர்களும் ஒரே கருத்தினர். எழுதும் முறையை மட்டும் சொல்கிறேன். குவியலிலிருந்து இறங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு கல்லையும் செய்தித்தாளில் சுற்றும்போது அதனுடன் ஒரு சீட்டை வையுங்கள். மாலையில் விடுதியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு சுரங்கக் கற்கள் கலந்துவிடும். சுரங்கத்தின் பெயர், எத்தனையாவது குழிக்கருகிலுள்ள குவியல், தெரிந்தால் தாதுப் படுகையின் பெயர், அருகிலுள்ள ஊர், மாவட்டம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். ‘கீவினா’ என்று மட்டும் எழுதுவது போதாது. கியர்சார்ஜ் படுகைச் செம்பும் கால்யுமெட் திரள்பாறைச் செம்பும் வேறு வேறு. அமிலத்தில் கழுவியிருந்தால் அதையும் அதே சீட்டில் குறியுங்கள். விலைக்கு வாங்கிய கல்லானால் பழைய சீட்டு எவ்வளவு அழுக்காக இருந்தாலும் எறியாமல், உங்கள் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

---

வடகரை எழுதியது:

குறித்துக்கொண்டேன். ஏரிக்கரையான் அவர்களே, ஜூலை இரண்டாம் வாரத்தில் ஹோட்டன் வருகிறோம். நில உரிமையாளர்களில் யாரிடம் முதலில் கேட்பது என்று தனிமடலில் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அமிலம் எதுவும் கொண்டுவரவில்லை. காகிதமும் பென்சிலும் கொண்டுவருகிறேன்.